மூடுபனியில் மறைந்த ஒற்றர்கள்

ஜெர்மானிய இசைமேதை ரிச்சர்டு வாக்னர் இயற்றிய 'ரைன் நதியின் பொன்' என்னும் இசைநாடகம் 1869 ஆம் ஆண்டு மியூனிக் நகரில் முதன்முறையாக மேடையேறியது. அதில் ஆல்பெரிக் என்னும் குள்ளன் ஒருவன் வருகிறான். நிலத்தடியில் வாழும் தன் இனத்தாரையே அடிமைகளாக்கிப் பொன் தோண்ட வைப்பவன் அவன். மாயத் தலைக்கவசம் ஒன்றை அணிந்து, இரவையும் மூடுபனியையும் அழைக்கும் மந்திரச் சொல்லை அவன் உரைத்த அளவில், அவனுடைய உருவம் மறைந்து போகிறது. கண்ணுக்குத் தெரியாத அவனுடைய சாட்டையடி மட்டும் அடிமைகளின் முதுகில் விழுகிறது. அது வெறுங்கதை, பாட்டி சொல்லும் மாயக்கதைகளின் இனத்தைச் சேர்ந்தது. ஆயினும் 1941 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆம் நாள், வாக்னரின் இசையில் மனம் பறிகொடுத்திருந்த ஹிட்லரின் ஆணைப்படி, தளபதி கைட்டல் ஒரு கட்டளையை வெளியிட்டார். அதற்கு வழங்கிய பெயர் 'இரவும் மூடுபனியும்' என்பதே. அப்பெயர் அந்நாடகத்திலிருந்து வந்ததென்பர்.

கட்டளையின் பொருள் இதுதான். ஜெர்மனி கைப்பற்றியிருந்த மேற்கு ஐரோப்பிய நாடுகளில், அதற்கு எதிராக இயங்குவோரை உடனே கொன்றுவிட இயலாதபோது, அவர்களை இரகசியமாக ஜெர்மனிக்குக் கொண்டு செல்ல வேண்டும். அவர்கள் எங்கு உள்ளனர், உயிரோடு உள்ளனரா என்பதைப் பெற்றோரும் உற்றாரும் ஒருபோதும் அறியலாகாது. மடல் இல்லை, புதைகுழிக்கு அடையாளமும் இல்லை. கொல்லுதல் பழைய தண்டனை. ஒரு மனிதன் இருந்தான் என்பதையே இல்லாமற் செய்தல் புதிய தண்டனை. வாக்னரின் கதையில் மாயக்கவசம் அணிந்து மறைபவன் ஆண்டான். வரலாற்றிலோ மறைக்கப்பட்டவர்கள் அடிமைகள்.

இக்கட்டளையின் வாயில் அகப்பட்டவர்களுள் இங்கிலாந்தின் 'சிறப்பு நடவடிக்கை அமைப்பு' அனுப்பிய ஒற்றர்களும் இருந்தனர். 1940 ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கப்பெற்ற இந்த அமைப்பு, பகைவர் பிடியிலுள்ள நாடுகளில் இரவோடு இரவாக ஆட்களை இறக்கி, உள்ளூர் எதிர்ப்பாளரைத் திரட்டிப் பாலங்களையும் தண்டவாளங்களையும் தகர்க்கும் பணியை மேற்கொண்டது. மலாயாத் தமிழருக்கு இந்த அமைப்பு முற்றிலும் அந்நியமானதன்று. பேராக் காடுகளில் இயங்கிய 'ஃபோர்ஸ் 136' இதன் கிழக்குக் கிளையே. அக்கிளையின் லிம் போ செங் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, துன்புறுத்தப்பட்டுப் பத்து காஜா சிறையில் உயிர்நீத்தது 1944 ஆம் ஆண்டு ஜூன் 29 ஆம் நாள். சரியாக ஏழு நாள் கழித்து, அதே அமைப்பைச் சார்ந்த நான்கு பெண்கள் ஐரோப்பிய மலைமுகடொன்றில் மாலைப்பொழுதில் நடத்திச் செல்லப்பட்டனர். அந்நால்வருள் மூவர் யாவர் என்பது விரைவில் தெரியவந்தது. நான்காமவர் யார் என்பது உலகிற்குத் தெரியப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்காம் பெண்ணின் பெயர் தொலைந்த வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

பிரான்சு நாட்டிற்கென அமைந்த பிரிவுக்கு மோரிஸ் பக்மாஸ்டர் தலைவர். அவருக்கு வலக்கையாக விளங்கியவர் வேரா அட்கின்ஸ் என்னும் அம்மையார். 1908 ஆம் ஆண்டு ருமேனியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். புறப்படும் ஒவ்வோர் ஒற்றரின் சட்டைப்பையையும் சோதித்து, இங்கிலாந்தின் பேருந்துச் சீட்டு, சலவைக்குறி போன்ற சிறு தடயமும் இல்லாமற் பார்த்து, விமான நிலையம் வரை சென்று வழியனுப்புவது அவர் வழக்கம். இப்பிரிவு பிரான்சுக்கு அனுப்பிய பெண்கள் 39 பேர். அவர்களுள் 13 பேர் திரும்பவில்லை.

அனுப்பப்பட்டவர்களுள் தமிழ் மாணவர் சிறப்பாக அறியத்தக்கவர் நூர் இனாயத் கான். சூஃபி ஞானியும் வீணைக் கலைஞருமான இனாயத் கானுக்கும் அமெரிக்கத் தாய்க்கும் 1914 ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்து, பாரிசில் வளர்ந்தவர். தந்தை வழியில் திப்பு சுல்தானின் மரபினர். 1799 இல் திப்பு வீழ்ந்தபின் அவர் மக்கள் சிறைவைக்கப்பட்ட இடம் வேலூர்க் கோட்டை என்பதும், 1806 இல் அங்கு எழுந்த சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பின் அவர்கள் கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் தமிழக வரலாறு கற்றோர் அறிந்தவை. ஆங்கிலேயரின் கைதியாய் மாண்ட மரபில் வந்த ஒரு பெண், அந்த ஆங்கிலேயருக்காகவே ஜெர்மானியரின் கைதியானார். புத்த ஜாதகக் கதைகளுள் இருபதைச் சிறுவர்க்கென எழுதி 1939 இல் நூலாக வெளியிட்டவர் அவர். மென்மையான இயல்பினர், பொய் சொல்ல வராதவர் என்று பயிற்சி ஆசிரியர் சிலர் அவரைப் பற்றி ஐயம் தெரிவித்ததுண்டு. ஆயினும் கம்பியில்லாத் தந்தியை இயக்கும் கைகளுக்குப் பஞ்சமாய் இருந்த காலம் அது. 1943 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாள் இரவு, டயானா ரௌடன், செசிலி லெஃபோர் என்னும் இருவருடன் அவர் பிரான்சில் இறங்கினார். 'மாதலேன்' என்பது அவருக்கு இடப்பட்ட மறைபெயர்.

அவர் இறங்கி ஏறத்தாழ ஒரு வாரமே கழிந்திருந்தது. பாரிசை நடுவாகக் கொண்டு இயங்கிய பெரிய ஒற்றர் வலை ஜூன் 24 ஆம் நாளளவில் அறுந்து வீழ்ந்தது. தலைவர் ஃபிரான்சிஸ் சட்டில், அவருடைய துணைவி போல் உழைத்த ஆந்திரே பொரெல், தந்தியாளர் கில்பர்ட் நார்மன் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராய்ச் சிறைப்பட்டனர். திரும்பி வந்துவிடுமாறு இலண்டன் அழைத்தபோது நூர் மறுத்தார். தம்மை விட்டால் தந்தி அனுப்ப ஆளில்லை என்பது அவர் கூறிய காரணம். கனத்த பெட்டியொன்றில் கருவியைச் சுமந்துகொண்டு, வீடு மாற்றி வீடு, முடியின் நிறம் மாற்றி நிறம் என ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவர் தப்பித் திரிந்தார். அக்டோபர் நடுவில் காட்டிக்கொடுக்கப்பட்டார்.

இவ்விடத்தில்தான் வள்ளுவரை நினைக்க வேண்டியுள்ளது. 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரமே வகுத்த அவர், ஓர் ஒற்றன் தரும் செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒன்றுபட்டால்தான் அதனைத் தெளிய வேண்டும் என்றும் கூறினார். ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அந்த எளிய விதியை, 1943 ஆம் ஆண்டின் இலண்டன் அலுவலகம் கடைப்பிடிக்கவில்லை. பகைவர் கையில் அகப்பட்டுத் தந்தி அடிக்கும் நிலை வந்தால், செய்தியில் ஒரு சிறு பாதுகாப்புக் குறியை விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் கற்பித்திருந்தனர். சிறைப்பட்ட நார்மனின் பெயரால் அக்குறி இல்லாத செய்தி வந்தது. அதனை அபாய அறிவிப்பாகக் கொள்ள வேண்டியவர்கள், குறியை மறந்துவிட்டீர், இனிக் கவனமாய் இரும் என்று கடிந்து விடை அனுப்பினர். அந்த விடையைப் படித்தவர்கள் ஜெர்மானியர்!

நூரின் செய்தியிலும் இதுவே நிகழ்ந்தது. அனுப்பிய செய்திகளையெல்லாம் பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் அவர் எழுதி வைத்திருந்தார். தமக்கு இடப்பட்ட கட்டளையைத் தவறாகப் பொருள் கொண்டதனால் அவ்வாறு செய்தார் என்பர். குறிப்பேடும் கருவியும் பகைவர் கைக்குச் சென்றன. அவர் வாய் திறக்கவில்லை. அவருடைய கருவியோ இலண்டனோடு பேசிக்கொண்டே இருந்தது. அந்த அக்டோபரிலேயே சுவிட்சர்லாந்து வழியாக இலண்டனுக்கு ஓர் எச்சரிக்கை சென்றது. மாதலேனுக்கு விபத்து நேர்ந்தது, மருத்துவமனையில் உள்ளார் என்பது அதன் வாசகப் பொருள். விபத்து என்றால் கைது. மருத்துவமனை என்றால் சிறை. அனுப்பியவர் பெயர் 'சோனியா'. அப்பெயரில் எவரையும் தாங்கள் அனுப்பியதில்லையே என்று பக்மாஸ்டர் எண்ணினார். செய்தி ஒதுக்கி வைக்கப்பட்டது.

அந்தச் சோனியா யார்? 1923 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் பிறந்த யூதப் பெண் சோனியா ஓல்ஷனெஸ்கி. குடும்பம் பாரிசில் குடியேறியது. அவர் நடனக் கலைஞர். 1942 இல் யூதர்களைச் சேர்த்து அடைத்த திரான்சி முகாமுக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டார். போருக்கு வேண்டிய தொழில்திறன் உடையவர் எனப் போலிச் சான்றிதழ் ஒன்றைத் தாயார் தேடிப் பெற்று மகளை மீட்டார். அங்கிருந்து கிழக்கே சென்றவர்கள் பெரும்பாலும் திரும்பியதில்லை. உயிர்மீண்ட பெண் ஒளிந்து வாழ்ந்திருக்கலாம். அவரோ, தம் மணமகனாக வரவிருந்தவரோடு சேர்ந்து, பாரிஸ் வலையின் கிளையொன்றில் பணியாற்றலானார். உள்ளூரில் சேர்த்துக்கொள்ளப்பட்டவராதலால் இலண்டன் ஏட்டில் அவர் பெயர் இல்லை. பக்மாஸ்டர் அவரைக் கண்டதில்லை. அட்கின்ஸ் அவரை வழியனுப்பியதில்லை. பட்டியலில் இல்லாதவரின் சொல் அம்பலம் ஏறவில்லை.

அச்சொல் ஏறாததன் விலை என்ன? 1944 பிப்ரவரி மாத இறுதியில், நூரின் கருவி வழியே ஏற்பாடு செய்யப்பட்ட திடலில் மூவர் வான்குடையில் இறங்கினர். அவர்களை வரவேற்கக் காத்திருந்தவர்கள் ஜெர்மானியக் காவலர்கள். கால் நிலத்தில் பட்டதும் கை விலங்கில் பட்டது. மூவருள் ஒருவர் மாதலேன் தாமெர்மோன் என்னும் பெண். நூருக்கு மறைபெயராய் இருந்தது இவருக்கு இயற்பெயர். அச்சில் மட்டும் அமைந்த இவ்வொற்றுமை ஆறு மாதம் கழித்து உயிரிலும் அமையவிருந்தது. சோனியாவும் அதற்கு முன்பே, 1944 ஜனவரியில், பிடிபட்டிருந்தார்.

பாரிசில் ஃபோஷ் நிழற்சாலை, 84 ஆம் எண் மாளிகை ஜெர்மானியப் பாதுகாப்புப் பிரிவின் இருப்பிடம். ஒற்றர்கள் விசாரிக்கப்பட்டது அங்கே. நூர் அங்கிருந்து இருமுறை தப்ப முயன்றார். இரண்டாம் முறை, 1943 நவம்பரில், வேறு இருவருடன் கூரைச் சாளரத்தின் கம்பியைத் தளர்த்தி மாடிக்கு மேல் ஏறிவிட்டார். அவ்வேளையில் இங்கிலாந்து விமானங்கள் நகரின்மேல் பறந்தமையால் அபாயச்சங்கு ஒலித்தது. சங்கு ஒலித்தால் கைதிகளை எண்ணிப் பார்ப்பது அங்கு வழக்கம். தம் நாட்டு விமானமே தம்மைக் காட்டிக்கொடுத்தது போலாயிற்று. இனித் தப்ப முயல்வதில்லை என உறுதிமொழி எழுதித் தருமாறு கேட்டனர். மறுத்தார். உடனே ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டு, ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் 'இரவும் மூடுபனியும்' கைதியாகத் தனியறையில் அடைக்கப்பட்டார். கைக்கும் காலுக்கும் விலங்கு. அவற்றை இணைக்க ஒரு சங்கிலி. இந்நிலை ஏறத்தாழ பத்து மாதம் நீடித்தது. எத்துணைத் துன்புறுத்தினும் மறையை வெளிவிடாதவரே ஒற்றர் எனக் குறள் வகுத்த இலக்கணத்திற்கு இலக்கியம் வேண்டுவோர் வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. அவர் செய்த ஒரே மீறல், உணவுக் கிண்ணத்தின் அடியில் எழுத்துகளைக் கீறி வைத்ததுதான். கிண்ணங்கள் அறைக்கு அறை மாறும். பக்கத்து அறைகளில் இருந்த பிரெஞ்சுப் பெண் கைதிகள், 'நோரா பேக்கர்' என்னும் பெயருடைய ஓர் ஆங்கிலப் பெண் அங்கு உள்ளார் என அறிந்தது இவ்வாறே. பேக்கர் என்பது நூரின் தாய்வீட்டுப் பெயர். உலகமே அறியலாகாது என வைத்த ஒரு பெயர், சாப்பாட்டுக் கிண்ணத்தின் முதுகில் ஏறிச் சிறைக்குள் உலவியது.

1944 மே மாத நடுவில் எட்டுப் பெண்கள் ஃபோஷ் நிழற்சாலை மாளிகையில் ஒருசேரக் கூட்டப்பட்டனர். ஒடெட் சான்சம், ஆந்திரே பொரெல், வேரா லீ, டயானா ரௌடன், யோலாண்ட் பீக்மன், எலியன் புளூமன், மாதலேன் தாமெர்மோன், இவர்களோடு சோனியா ஓல்ஷனெஸ்கி. அவர்களுக்குத் தேநீர் தரப்பட்டது. ஒருவரிடம் இருந்த உதட்டுச் சாயத்தை எட்டுப் பேரும் பகிர்ந்து பூசிக்கொண்டனர் என்று, அவர்களுள் உயிர்தப்பிய ஒரே ஒருவரான ஒடெட் பின்னாளில் கூறினார். வரலாற்று நூல்கள் இத்தகைய செய்திகளைச் சிறியனவாகக் கருதி விட்டுவிடுவதுண்டு. விடத்தக்கதன்று இது. மறுநாள் எப்படி விடியும் என அறியாத எண்மர், தாங்கள் இன்னும் மனிதரே என்பதை ஒருவர்க்கொருவர் உறுதிசெய்துகொண்ட கடைசி மணிநேரம் அது. பின்னர் இருவர் இருவராக விலங்கு பூட்டி, இரயிலில் கார்ல்ஸ்ரூ நகரச் சிறைக்குக் கொண்டு சென்று, ஒவ்வொருவரையும் தனித்தனி அறையில் ஜெர்மானியப் பெண் கைதிகளிடையே பிரித்து வைத்தனர். எண்மரும் ஒன்றாகக் கூடியது அதன்பின் இல்லை.

ஜூலை 6 ஆம் நாள் அவர்களுள் நால்வர் வெளியே கொணரப்பட்டு, அல்சாஸ் பகுதியில் வோஷ் மலைமேல் உள்ள நாட்ஸ்வைலர் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கருங்கல் உடைக்கும் ஆண் அடிமைகளின் முகாம் அது. உடையில் மூடுபனிக் கைதி என்னும் முத்திரை தாங்கியவர்கள் அங்கு மிகுதி. அந்தப் பக்கம் பெண்ணின் நடமாட்டமே இல்லாமையால், நல்ல உடையணிந்த நால்வர் படிவரிசையில் இறங்கியபோது முகாம் முழுவதும் பார்த்தது. பார்த்தவர்களுள் ஒருவர் பிரையன் ஸ்டோன்ஹவுஸ். அதே அமைப்பின் ஒற்றராய் 1942 இல் சிறைப்பட்ட அவர், தொழிலால் ஓவியர். ஒருத்தியின் கூந்தலில் கட்டியிருந்த நாடாவின் நிறம் வரை அவர் கண் பதிவு செய்துகொண்டது. அன்றிரவே நால்வருக்கும் நச்சூசி இடப்பட்டது. உடல்கள் எரிகூடத்தில் இடப்பட்டன. ஒற்றரே ஆயினும் விசாரணையின்றித் தண்டிக்கலாகாது என்று 1907 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை கூறுகிறது. ஜெர்மனியும் அதில் ஒப்பமிட்ட நாடு. உறையூரில் புகுந்த புலவர் இளந்தத்தனை ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தபோது, இடைமறித்துப் பேசக் கோவூர்கிழார் இருந்தார். நாட்ஸ்வைலரில் பேச ஒருவரும் இல்லை; பேசப்படுவதற்குப் பெயர்களும் இல்லை.

எஞ்சியவருள் பீக்மன், புளூமன், தாமெர்மோன் மூவரும் செப்டம்பரில் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களோடு ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையிலிருந்து நூரும் சேர்க்கப்பட்டார். செப்டம்பர் 13 ஆம் நாள் காலையில் டாக்காவ் முகாமில் நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். எந்தக் கருவியின் பொய்க்குரலை நம்பித் தாமெர்மோன் இறங்கினாரோ, அந்தக் கருவிக்குரியவரின் அருகிலேயே அவர் வீழ்ந்தார்.

உடனே கொல்லப்படாதோர் அடிமைகளாயினர். பெர்லினுக்கு வடக்கே உள்ள ரேவன்ஸ்புரூக், 1939 இல் பெண்களுக்கென்றே திறக்கப்பட்ட முகாம். உள்ளே நுழைபவளின் பெயர் போய், எண்ணும் நிறமுக்கோணமும் வந்துவிடும். காவற்படை அவர்களைத் தொழிற்சாலைகளுக்கு வாடகைக்கு விட்டது. கூலி படைக்குப் போயிற்று. உழைத்தவளுக்கு நீர்த்த முள்ளங்கிச் சாறு. வயலட் சாபோ, டெனிஸ் பிளாக், லிலியன் ரோல்ஃப் என்னும் மூன்று ஒற்றர்கள் இங்கு வந்து சேர்ந்தது 1944 ஆகஸ்டில். வரும் வழியில் அவர்களின் இரயில்மேல் விமானத் தாக்குதல் நேர்ந்தது. காவலர் ஓடி ஒளிந்தபோது, சாபோ, தம்மோடு காலில் பிணைக்கப்பட்டிருந்த தோழியையும் இழுத்துக்கொண்டு தவழ்ந்து சென்று, பூட்டிய பெட்டியில் தாகத்தால் தவித்த ஆண் கைதிகளுக்குத் தண்ணீர் கொடுத்தார். மூவரும் முதலில் டோர்காவ் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும், பின் கோனிக்ஸ்பெர்க் என்னும் சிற்றூருக்கும் அனுப்பப்பட்டனர். அங்கு விமானத் திடல் அமைக்கும் வேலை. கோடையுடையோடு பனிக்காலத்தில் மரம் வெட்டி, உறைந்த மண்ணைக் கொத்தினர். 1945 ஜனவரியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ ரேவன்ஸ்புரூக்குக்குத் திரும்ப அழைத்து மூவரையும் சுட்டனர். இருவரால் நடக்கவும் இயலவில்லை. தூக்கிச் சென்றே சுட்டனர்.

இவர்களோடு டோர்காவில் இருந்த மற்றொரு பெண்ணின் வரலாறு வேறு விதமானது. மொழிபெயர்ப்பாளராய் ஜெர்மானிய அதிகாரிகளிடையே பழகி, அவர்கள் செய்துவந்த பறக்கும் வெடிகுண்டுகளைப் பற்றிய செய்திகளை இலண்டனுக்கு எட்டச் செய்தவர் ஜென்னி ரூசோ என்னும் பிரெஞ்சுப் பெண். 1944 ஏப்ரலில் பிடிபட்டார். ஆயினும் ரேவன்ஸ்புரூக் வாயிலில் பெயர் கேட்டபோது அவர் தம் இயற்பெயரைக் கூறினார்; அவருடைய குற்றப்பத்திரமோ வேறொரு புனைபெயரில் இருந்தது. தாளும் ஆளும் சேரவில்லை. பெரிய ஒற்றர் ஒருவர் தம் கையில் இருப்பதை முகாமே அறியாது போயிற்று. டோர்காவில், போர்ச்சட்டப்படி பகைவருக்கு வெடிகுண்டு செய்து தரமாட்டோம் என்று அதிகாரியிடம் நேரே கூறித் தோழியரை மறுக்கச் செய்தவர் அவர். அதற்குக் கிடைத்தது கோனிக்ஸ்பெர்க் தண்டனை. உயிரோடு மீண்ட அவர் 2017 வரை வாழ்ந்தார். புகென்வால்ட் முகாமிலும் இப்படி ஒன்று நடந்தது. 1944 ஆகஸ்டில் அங்கு வந்த ஒற்றர் 37 பேரில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். யோ-தாமஸ், பியூலவே, ஸ்டெஃபான் ஹெசல் மூவரை மட்டும், முகாமின் இரகசியக் குழுவினர், காய்ச்சலில் இறந்த பிரெஞ்சுக் கைதிகள் மூவரின் பெயரைச் சூட்டிப் பிழைக்க வைத்தனர். ஒற்றர் இறந்தார் என ஏட்டில் எழுதப்பட்டது. இறந்தவர் பெயரோடு ஒற்றர் எழுந்து வேலைக்குப் போனார். பெயரை அழிக்க வகுத்த முறை, பெயர் மாறாட்டத்திற்கும் இடம் தந்தது.

ஆனால் இம்மாறாட்டம் எப்போதும் காப்பாற்றவில்லை. இவோன் ருதல்லா என்னும் பெண், தலையில் பாய்ந்த குண்டோடு 1943 இல் பிடிபட்டு, வேறு பெயரில் முகாம் முகாமாய் மாறிப் பெல்சன் வந்தடைந்தார். 1945 ஏப்ரல் 15 ஆம் நாள் ஆங்கிலப் படையே அம்முகாமை விடுவித்தது. தாம் அப்படையைச் சார்ந்தவர் என்று அவர் எவரிடமும் கூறவில்லை. கூறும் நிலையில் இருந்தாரா என்பதும் ஐயமே. விடுதலைக்குப் பின் ஒரு வாரத்திற்குச் சற்று மேல் கழித்து இறந்து, பெயரற்ற ஆயிரவருடன் ஒரே குழியில் அடங்கினார்.

போர் முடிந்ததும் அலுவலகம் மூடப்படலாயிற்று. பிரான்சுப் பிரிவில் காணாமற்போனோர் 118 பேர். அவர்கள் தாமே அனுப்பியவர்கள் என்பதனால் அட்கின்ஸ் அம்மையார் 1946 ஜனவரியில் ஜெர்மனி சென்றார். சிறைக் காவலர்களையும் முகாம் தளபதிகளையும் நேரில் இருத்தி வினவினார். சாபோ முதலிய மூவரின் முடிவை, சுடும்போது உடனிருந்த ரேவன்ஸ்புரூக் அதிகாரியின் வாயிலிருந்தே எழுதி வாங்கினார். 118 பேரில் ஒருவர் நீங்கலாக அனைவரின் முடிவையும் அவர் கண்டறிந்தார். இத்தகைய பணிக்கு ஈடு காண்பது அரிது. எனினும், ஒற்றரை அனுப்பிய அதே அலுவலகத்தின் தவறுகளை அவர் ஒருபோதும் வெளிப்படையாகப் பேசியதில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். 2000 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

நாட்ஸ்வைலர் செய்திக்கு வந்தபோதுதான் அவர் வழுக்கினார். ஸ்டோன்ஹவுஸ் உயிர் பிழைத்து வந்திருந்தார். தாம் கண்ட நால்வரின் உருவத்தையும் நினைவிலிருந்து விவரித்தார். மூவர் தெளிவாயினர். கருங்கூந்தலுடைய சிறுகூடான நான்காம் பெண் யார்? இலண்டன் பட்டியலில் முடிவு தெரியாமல் எஞ்சிய பெயர்களுள் அவ்வுருவத்திற்கு இசைந்தது நூர் என்பதே. எனவே நூர் நாட்ஸ்வைலரில் இறந்தார் எனக் கொள்ளப்பட்டது. 1946 இல் வூப்பர்டால் நகரில் அக்கொலைக்கு வழக்கு நடந்து தண்டனையும் வழங்கப்பட்டபோது இக்கருத்தே நிலவியது. பின்னரே ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையிலிருந்து மீண்ட பிரெஞ்சுப் பெண்ணொருவரின் சான்று வந்தது. 1944 செப்டம்பர் வரை நோரா பேக்கர் அங்கு உயிரோடு இருந்தாரே என்றது அச்சான்று. கிண்ணத்தில் கீறிய எழுத்து அலுவலக ஏட்டைத் திருத்தியது. 1947 இல் டாக்காவ் உண்மை வெளிப்பட்டது. 1949 இல் நூருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பெற்றது. 2012 இல் இலண்டன் கார்டன் சதுக்கத்தில் அவருக்குச் சிலையும் எழுந்தது.

நூரின் இறப்பு இடம் மாறியபின், நாட்ஸ்வைலரில் ஓர் இடம் வெற்றிடமாயிற்று. அந்த வெற்றிடத்தை நிரப்ப அலுவலகம் முற்படவில்லை. பட்டியலில் உள்ளவர் யாவருக்கும் கணக்குத் தீர்ந்துவிட்டது. பட்டியலில் இல்லாதவருக்காக வருந்த அலுவலகத்திற்கு ஆள் இல்லை. டயானா ரௌடனோடு பள்ளியில் ஒன்றாகப் பயின்ற எலிசபெத் நிக்கலஸ் என்னும் எழுத்தாளர், தம் தோழியின் முடிவைத் தேடிப் பிரான்சிலும் ஜெர்மனியிலும் அலைந்து, 1958 இல் ஒரு நூலை வெளியிட்டார். நாட்ஸ்வைலரின் நான்காம் பெண் சோனியா ஓல்ஷனெஸ்கி என்பது அந்நூலால்தான் வெளிவந்தது. நூர் சிறைப்பட்டதை இலண்டனுக்கு எச்சரித்தவரும் அவரே. பெயர் தெரியாது என்பதனால் அவருடைய சொல் ஏற்கப்படவில்லை. பெயர் தெரியாது என்பதனாலேயே அவருடைய சாவும் நூரின் கணக்கில் எழுதப்பட்டது. இறக்கும்போது அவருக்கு வயது இருபது. நாட்ஸ்வைலர் எரிகூடத்தில் பதிக்கப்பட்டுள்ள நினைவுப் பலகையில் ஆந்திரே பொரெல், வேரா லீ, டயானா ரௌடன் ஆகியோரோடு அவருடைய பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.